65-க்கும் 53-க்கும் இடையே

உடல் சூடு 37 பாகை செல்சியஸிலிருந்து 39.5 பாகைக்கு ஏறினால், நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் ஏறத்தாழ 95 முறை துடிக்கும். பாகைக்குச் சுமார் 10 துடிப்பு என்பது கணக்கு. நாளொன்றுக்கு 1,440 நிமிடம், ஆக 36,000 துடிப்பு கூடுதல். காய்ச்சலோடு நுரையீரலைத் தாக்கும் நிமோனியாவில் இவ்வளவு வேலையும் ஒட்சிசன் குறைந்த இரத்தத்தோடு நடக்கிறது. 'நெஞ்சுச்சளிதானே' என்று பாரிஸின் லாச்சப்பல் பகுதி மருந்துக்கடையில் இருமல் பாணி வாங்குகிறவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், நிமோகொக்கஸ் என்னும் கிருமியால் வந்த நிமோனியாவோடு அனுமதிக்கப்பட்ட 170 பேரைப் பற்றிய ஆய்வு 2007-இல் வெளியானது. 33 பேருக்கு, அதாவது 19.4 வீதத்தினருக்கு, பெரிய இதயக் கோளாறு கண்டது: மாரடைப்பு 12, புதிய துடிப்புக் குழப்பம் 8, இவ்விரண்டும் இன்றி இதயச் செயலிழப்பு மட்டும் 13.

2012-இல் வெளியான இன்னோர் ஆய்வில், மருத்துவமனையில் தங்கிய 1,343 பேரில் 358 பேருக்கு (26.7 வீதம்) இதயச் சிக்கல் வந்தது, வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற 944 பேரில் 20 பேருக்கு (2.1 வீதம்). பாதிக்கு மேற்பட்டவை முதல் 24 மணி நேரத்திலேயே தெரிந்தன. லாச்சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1854-இல் திறந்த லாரிபுவாசியேர் மருத்துவமனை இருக்கிறது. தூரம் தடையல்ல, கழிந்துபோகும் மணிகள்தான் தடை.

கிருமி நேரடியாகவும் தாக்கும். நிமோகொக்கஸ் இதயத் தசைக்குள் புகுந்து நுண்புண்கள் உண்டாக்குவதை 2014-இல் எலிகளிலும் குரங்குகளிலும் கண்டனர். அக்கிருமியின் நச்சான நிமோலைசின், செல்லின் சவ்வைத் துளைக்கிறது. இறந்த மனிதர்களின் 9 இதய மாதிரிகளில் 2-இல் அத்தகைய புண்கள் தென்பட்டன. 9 என்பது சிறிய எண்; அதன்மேல் பெரிய முடிவை ஏற்றக் கூடாது.

நோய் தீர்ந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. 2015-இல் வெளியான ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்ட 591 நிமோனியா நோயாளிகளுக்கு இதய, இரத்தக்குழாய் நோய் வரும் அபாயம் முதல் 30 நாளில் மற்றவர்களைவிட 4.07 மடங்கு, பத்தாம் ஆண்டிலும் 1.86 மடங்கு. 45 முதல் 64 வயது வரையான 680 பேரிடம் முதல் 30 நாளில் 2.38 மடங்கு, 2 ஆண்டுக்குப் பின் வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை.

இந்த இரண்டாம் குழுவே நம்மவர்களுக்கு நெருக்கமானது. இலங்கை, இந்தியா உட்பட 5 தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வந்த 1,732 பேரின் சராசரி வயது 53.0, பிற நாடுகளில் 58.8. பிரான்சின் சுகாதார உயர் ஆணையம் நிமோகொக்கஸ் தடுப்பூசியை எல்லாருக்கும் பரிந்துரைக்கும் வயதோ, 2025 முதல், 65. இடைவெளி 12 ஆண்டு. ஆனால் உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் அடங்காத நீரிழிவோ இதயச் செயலிழப்போ உள்ளவர்களுக்கு 18 வயதிலிருந்தே அதே பரிந்துரை உண்டு. நீரிழிவுக்குக் குளிசை போடும் 48 வயதுக்காரர் இன்னும் 17 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

ஊசியையும் மிகைப்படுத்த வேண்டாம். நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 84,496 பேரிடம் நடந்த சோதனையில், தடுப்பூசி குறிவைத்த வகைக் கிருமிகளால் வந்த நிமோனியா ஊசி பெறாத குழுவில் 90, பெற்ற குழுவில் 49: 45.6 வீதம் குறைவு. எல்லா வகை நிமோனியாவையும் சேர்த்தால் வேறுபாடு தெளிவாக இல்லை.

செலவு: பிரான்சில் 2025-இல் குடும்ப வைத்தியரின் கட்டணம் 30 யூரோ. 70 வீதமான 21 யூரோவில் நோயாளியே ஏற்க வேண்டிய 2 யூரோ கழிய, அரச காப்பீடு திருப்பித் தருவது 19, முத்துவல் என்னும் துணைக் காப்பீடு இல்லாதவருக்குக் கையிலிருந்து 11. அதே ஆண்டில் மருத்துவமனைத் தங்கற்கட்டணம் நாளுக்கு 20 யூரோ. முத்துவல் இல்லாதவருக்கு 10 நாளுக்கு 200, சிகிச்சைச் செலவின் பங்கு வேறு.