கண்ணில் விழும் தூளும் கால்வாய்த் தண்ணீரும்



நம் சுங்கை செம்பிலாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்தே வேலை செய்தாக வேண்டும். நீண்ட கழியின் நுனியில் அரிவாள். வெட்ட வெட்ட மட்டைத் தூளும் அழுக்கும் முகத்தில் கொட்டும். கண்ணில் ஏதாவது விழுந்தால், பக்கத்துக் கால்வாயில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் கழுவிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு கைத் தண்ணீரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

சேற்றிலும் குளத்திலும் ஆற்றிலும், ஏன், குழாய்த் தண்ணீரிலும்கூட அக்காந்தமீபா என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. வயிற்றுப் புழுவைப் போல அது மனிதனை நம்பிப் பிழைப்பதில்லை. பாக்டீரியாக்களைத் தின்று தன்பாட்டுக்கு இருக்கும். ஆனால் கருவிழியின் மேல் கண்ணாடிபோல் இருக்கும் படலத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அதற்கு வழி கிடைத்துவிடுகிறது. அப்போது அதுவே ஒட்டுண்ணியாக மாறுகிறது.

மேல்நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் கண்ணின் மேல் பொருத்தும் லென்ஸ் அணிகிறவர்களுக்கே வருகிறது. பட்டணத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அந்த லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. தென்னிந்தியாவிலோ கதை வேறு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேர் முதலில் கண்ணில் அடிபட்டவர்கள். பலருக்குப் பாக்டீரியாவும் காளானும் காரணம். மூவருக்கு மட்டும் அக்காந்தமீபா. மூன்றுதானே என்று தள்ளிவிட வேண்டாம். இதைக் கண்டுபிடிப்பதும் கடினம், ஒழிப்பதும் கடினம்.

தொடக்கத்தில் கண் சிவக்கும், நீர் வடியும், வெளிச்சம் கூசும். பார்ப்பதற்குச் சாதாரணக் கண்வலிதான். ஆனால் பலருக்கு வலி மட்டும், கண்ணின் தோற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவில் கொல்லும். வைரஸ் புண் என்று மருத்துவரே எண்ணிவிடுவதும் உண்டு. வாரங்கள் செல்ல, கருவிழியில் வெள்ளை வளையம் ஒன்று தோன்றலாம். முற்றினால் புண் ஆழமாகி, ஆறிய பின்னும் தழும்பு நிற்கும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான்.

தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவது எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனாலும் புண்பட்ட கண்ணில் அவை புதுக் கிருமியைச் சேர்க்கும். அதைவிட மோசமானது, பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து. அதில் ஸ்டிராய்டு இருந்தால் சிவப்பு குறையும், வலி அடங்கும், கிருமியோ உள்ளே பரவும்.

வேலைக்குப் போகும்போது கொதித்து ஆறிய தண்ணீரைச் சுத்தமான போத்தலில் கொடுத்தனுப்புங்கள். பாதுகாப்புக் கண்ணாடியையும்தான், வியர்வையில் மங்குகிறது என்று கழற்றி வைப்பவர்கள் நம்மில் அநேகர். தூசி விழுந்தால் கசக்காமல் அந்தத் தண்ணீரால் அலசவேண்டும். களைக்கொல்லி தெறித்தால் மட்டும் போத்தலைத் தேடி நிற்கக் கூடாது. அருகில் கிடைக்கும் தண்ணீரால் அந்த நொடியே, நிறைய, விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

மறுநாளும் உறுத்தலோ வலியோ இருந்தால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். "மட்டைத் தூள் விழுந்தது, கால்வாயில் கழுவினேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையால்தான் கண் மருத்துவர் புண்ணைச் சுரண்டி, நுண்காட்டியில் இந்தக் கிருமியைத் தேடுவார்.

சிகிச்சை நீளமானது. மருந்து பட்டதும் கிருமி தடித்த ஓட்டுக்குள் ஒடுங்கிவிடும். ஓட்டுக்குள் இருப்பதையும் கொல்லவே 0.02 சதவிகிதப் பாலிஹெக்ஸனைடு அல்லது குளோர்ஹெக்ஸிடின் சொட்டு மருந்தை முதல் சில நாட்கள் இரவு பகலாக மணிக்கொரு முறை விடுகிறார்கள். 2024-இல் ஐரோப்பாவில் 0.08 சதவிகிதப் பாலிஹெக்ஸனைடுக்கு அனுமதி கிடைத்தது. பிறகு சொட்டு குறைந்தாலும் மாதக்கணக்கில் தொடரவேண்டும். தழும்பு பார்வையை மறைத்தால் கண்தானம் செய்தவரின் கருவிழிப் படலத்தைப் பொருத்துவதுண்டு. அதற்கும் கிருமி முற்றாக அடங்கியிருக்க வேண்டும். வலி போயிற்று என்று இரண்டாம் வாரத்தில் மருந்தை நிறுத்தியவருக்கு, ஓட்டுக்குள் இருந்தது மறுபடியும் விழித்துக்கொள்கிறது.