மோட்டார்ஹோம் வாங்கியாச்சு... கேம்பிங் கிளப்பில் சேரணுமா?

ஆம்பூர் பக்கத்து ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். மோட்டார்ஹோமில் ஏறிடலாம். ராத்திரி எங்கே நிறுத்துறது? கிளப்பில் சேரலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்தக் கேள்விதான்.

பிரிட்டனில் 1901-ல் தொடங்கிய 'கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்'பையே எடுத்துக்கோங்க. அதன் உறுப்பினர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும் சிறு முகாம்கள் நிறைய. ஒவ்வொன்றிலும் கேரவன், மோட்டார்ஹோம் சேர்த்து அதிகபட்சம் 5 வண்டிகள்தான். அங்கே சந்தாவுக்குக் கிடைப்பது, தங்க ஒரு இடம்.

நம்ம ஊரில்? தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவும் உண்டு. ஆனா, கொள்கை மட்டும் இடம் தராது. அதனால் பணம் கட்டும் முன் கேளுங்க:

1. நீங்க போகும் ரூட்டில் அனுமதியுள்ள முகாம்கள் எத்தனை? பட்டியல் இருக்கா?

2. தண்ணீர், மின்சாரம், கழிவறை டேங்க்கை காலி செய்யும் வசதி உண்டா? தோல் கழிவால் பாழான பாலாற்றின் கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பும் வந்தது. நம்ம டேங்க்கும் ஆற்றங்கரையில் காலியாகக் கூடாது.

3. சந்தாவை, வருஷத்தில் நீங்க உண்மையாகவே தங்கப்போகும் இரவுகளால் வகுத்தா எவ்வளவு வருது?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தா சேருங்க. வாட்ஸ்அப் குரூப்பும் ஸ்டிக்கரும் மட்டும்தான்னா, அந்தப் பணத்துக்கு டீசல் போடுங்க.