நடுவானில் நின்ற என்ஜின்: எவ்வளவு அஞ்சலாம்?

2021 பிப்ரவரி 20 அன்று டென்வரிலிருந்து ஹொனலுலுவுக்குக் கிளம்பிய யுனைடெட் நிறுவனத்தின் போயிங் 777 விமானத்தில், சில நிமிடங்களிலேயே வலப்பக்க என்ஜின் உடைந்தது. அதன் முகப்பு வளையம் கழன்று புரூம்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்தது. தோலுரிந்து தீப்பிடித்த என்ஜின் சுழலும் காட்சியை உலகமே பார்த்தது. விமானமோ டென்வருக்கே திரும்பிப் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் சிறு கீறலும் இல்லை. 1989 ஜனவரி 8 அன்று லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் 737-இன் கதை வேறு. இடப்பக்க என்ஜினில் ஒரே ஒரு பிளேடு முறிந்தது. விமானம் அதிர்ந்தது, புகை வாடை வந்தது, அவ்வளவுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலப்பக்க என்ஜினை விமானிகள் அணைத்தார்கள். இடப்பக்கம் தீப்பொறி பறந்ததைப் பார்த்த பயணிகள் சிலர், வலப்பக்க என்ஜினில்தான் கோளாறு என்ற அறிவிப்பைக் கேட்டுக் குழம்பினார்கள். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. இறங்கும் நேரத்தில் பழுதான இடப்பக்க என்ஜினும் நின்றுபோக, விமானம் கெக்வொர்த் அருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதி 47 பேர் இறந்தார்கள். ஆக, கண்ணுக்குத் தெரியும் நெருப்பை வைத்து ஆபத்தை எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும். கோளாறு அந்த ஒரு என்ஜினோடு நின்றதா, அதைத் தாண்டிப் பரவியதா என்று கேட்பதே சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

என்ஜின் நின்றுபோவது விமான வடிவமைப்பில் முன்பே எதிர்பார்க்கப்பட்ட நிகழ்வு. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒரு முடிவு வேகம் கணக்கிடப்படுகிறது. அதை எட்டுமுன் என்ஜின் போனால் ஓடுதளத்திலேயே நிறுத்தலாம். தாண்டியபின் போனால் மிஞ்சிய என்ஜினைக் கொண்டே மேலெழ வேண்டும். முழுச் சுமையோடும் அப்படி எழ முடியும் என்று நிரூபித்த பிறகுதான் இரட்டை என்ஜின் விமானத்துக்குச் சான்று கிடைக்கிறது. அருகில் இறங்க இடமில்லாத கடல்வழிகளில் ஒற்றை என்ஜினோடு 180 நிமிடம் பறக்க அனுமதி வேண்டுமென்றால், அந்த வகை என்ஜின்கள் ஒரு லட்சம் மணி நேர ஓட்டத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நடுவானில் நிற்கக் கூடாது என்பது விதி. எல்லா என்ஜினும் நின்றாலும் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடாது. 2001-இல் எரிபொருள் கசிந்து தீர்ந்த ஏர் டிரான்சாட் ஏ330, சுமார் 120 கிலோமீட்டர் மிதந்தபடியே வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. அதிலிருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

உடைந்த பாகம் வெளியே பாய்வதுதான் கதையை மாற்றுகிறது. முன்புற விசிறியின் பிளேடு ஒன்று முறிந்தால் அதைத் தடுத்து நிறுத்தும் வலு சுற்றுக்கூட்டுக்கு இருக்க வேண்டும். ஓடும் என்ஜினில் வேண்டுமென்றே பிளேடைத் தெறிக்கவிட்டுச் சோதிக்கிறார்கள். ஆனால் பிளேடுகளைத் தாங்கும் வட்டு பிளந்தால் தடுக்கக்கூடிய கவசம் விமானத்துக்குத் தாங்காத பாரமாகிவிடும். எனவே வட்டு உடையவே கூடாது என்ற நிலையில் வைத்து, இத்தனை பயணங்களுக்குப் பின் கழித்துவிட வேண்டும் என்று ஆயுள் குறித்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை 1989-இல் பொய்த்தது. யுனைடெட் 232-இன் வால் என்ஜினில், டைட்டானிய வட்டுக்குள் உற்பத்தியிலேயே இருந்த சிறு குறையிலிருந்து விரிசல் வளர்ந்து வட்டு பிளந்தது. துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்தன. சூ சிட்டியில் 112 பேர் உயிரிழந்தனர். 2010-இல் இந்தோனேசியாவின் பாட்டம் தீவுக்கு மேல் குவாண்டாஸ் ஏ380-இலும் ஒரு வட்டு வெடித்தது. எண்ணெய்க் குழாய் ஒன்றைப் பிசகாகக் கடைந்ததே மூலகாரணம். 469 பேரும் தப்பினார்கள். ஆனால் கம்பிகள் அறுபட்டதால், சிங்கப்பூரில் இறங்கிய பிறகும் பக்கத்து என்ஜினை அணைக்க முடியாமல், தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரும் நுரையும் பாய்ச்ச வேண்டியிருந்தது.

நான்கு என்ஜின் இருந்தால் நிம்மதி என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. என்ஜின்கள் தனித்தனிக் காரணங்களால் கெடும் வரையில்தான் அந்த வாதம் நிற்கும். 1982-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தபோது நான்கும் அடங்கின. நல்லவேளையாகப் பிறகு உயிர்பெற்றன. அடுத்த ஆண்டு மயாமியிலிருந்து கிளம்பிய ஈஸ்டர்ன் நிறுவன டிரைஸ்டாரில் மூன்று என்ஜின்களிலும் எண்ணெய் ஒழுகியது. பராமரிப்பின்போது மூன்றிலுமே ரப்பர் வளையங்களைப் பொருத்தாமல் விட்டிருந்தார்கள். மூன்றிலும் ஒரே பிழை. நீண்ட கடல்வழி விமானத்தின் இரு என்ஜின்களிலும் ஒரே ஊழியர் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யக் கூடாது என்று இப்போதுள்ள கட்டுப்பாடு இதே தர்க்கத்தில் அமைந்தது. என்னைக் கேட்டால், கூடுதலாக இரண்டு என்ஜின் மாட்டுவதைவிட இது மேல். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விபத்துக்குள்ளான விமானத்தின் இரு எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு வினாடி இடைவெளியில் அணைநிலைக்குப் போனதாக முதற்கட்ட அறிக்கை கூறுகிறது. அவை எப்படிப் போயின என்பது தனிக் கேள்வி. ஆனால் எரிபொருள் இல்லாத இரண்டு நல்ல என்ஜின்கள் அங்கே எதற்கும் உதவவில்லை.

இதையெல்லாம் கேட்டு, ஒற்றை என்ஜின் கோளாறைச் செய்தியாக்குவதே வீண்பீதி என்று விமான நிறுவனங்கள் தோள் குலுக்கலாம். அதற்கும் இடம் தர முடியாது. 2016 ஆகஸ்டில் சவுத்வெஸ்ட் 737 ஒன்றின் விசிறி பிளேடு உலோகச் சோர்வால் முறிந்தது. விமானம் பென்சகோலாவில் பத்திரமாக இறங்கியது. அதே வகை பிளேடுகளை மீயொலியால் சோதிக்கும் உத்தரவை அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2017-இல் வரைவாக முன்வைத்தது. அது இறுதியாகும் முன்பே, 2018 ஏப்ரலில் அதே நிறுவனத்தின் இன்னொரு 737-இல் பிளேடு முறிந்து, என்ஜின் உறையின் துண்டு ஜன்னலைத் தாக்கி ஒரு பயணி இறந்தார். பத்திரமாக முடிந்த முதல் சம்பவம் கொடுத்த கால அவகாசம் காகிதத்தில் கழிந்தது. அதே 2018-இல் இந்தியாவில் நடந்தது நேர்மாறு. பிராட் அண்ட் விட்னியின் புதிய என்ஜின்களில் ஒரு தொகுதி சந்தேகத்துக்கு உள்ளானபோது, இரு பக்கமும் அத்தொகுதி என்ஜின் உள்ள ஏ320நியோக்களை மட்டுமே நிறுத்தும்படி ஐரோப்பிய அமைப்பு பிப்ரவரியில் பணித்தது. மார்ச்சில் இண்டிகோ விமானம் ஒன்றின் என்ஜின் நடுவானில் பழுதானதும், ஒரு பக்கம் மட்டும் அத்தகைய என்ஜின் இருந்தாலும் பறக்கக் கூடாது என்று இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ, இண்டிகோ, கோஏர் நிறுவனங்களின் 11 விமானங்களைத் தரையில் நிறுத்தியது. பயணங்கள் ரத்தாகிப் பலர் விமான நிலையங்களில் அல்லாடினார்கள். அந்தக் கோபம் நியாயமானது, உத்தரவும் நியாயமானது.