கச்சான் காற்றும் கொல்லைக் கொட்டகையும்

மணப்பாட்டில் வைகாசி பிறந்துவிட்டால் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிடும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே மலையைக் கடந்து, குதிரைமொழித் தேரியின் செம்மணலையும் வாரிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடும் காற்று இது. புரட்டாசியில்தான் அடங்கும். அடுத்து ஐப்பசி, கார்த்திகையில் காற்று திசை மாறும்; வடகிழக்குக் காற்றோடு மழையும் புயலும் வரும். புயல் நம் கரையில்தான் ஏற வேண்டும் என்பதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலிலேயே கடந்து போனது. ஆனாலும் தென்மாவட்டங்களில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன.

ஊரின் மணல்குன்றில் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் இன்றும் நிற்கிறது. அந்தக் கட்டடத்துக்கு அதன் எடையே பாதிக் காவல். நம் கொல்லையில் இருக்கும் ஆட்டுக்கொட்டில், வலை வைக்கும் கொட்டகை, தகரம் போட்ட கழிப்பறை இவற்றுக்கு அந்த எடை கிடையாது. அதனால் காற்று ஒரு கொட்டகையை எப்படிப் பிரிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் காவல் போட வேண்டும்.

அடுப்பில் சோற்றுப்பானை கொதிப்பதைப் பாருங்கள். முதலில் மூடியின் ஒரு ஓரம் லேசாகத் துள்ளும். அந்த இடைவெளியில் ஆவி வெளியேறும், மூடி ஆடும், பிறகு ஒரு பக்கமாகச் சரியும். கொட்டகைக்கும் இதுதான் நடக்கிறது. பானை என்பது சுவர், மூடி என்பது தகரம், ஆவி என்பது உள்ளே புகுந்த காற்று. மேற்கே பார்த்த வாசல் திறந்து கிடந்தால் கச்சான் உள்ளே நுழையும். போக வழி இல்லாததால் அடியிலிருந்து கூரையைத் தள்ளும்.

கொட்டகைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சுவரில் மோதிய காற்று மேலே ஏறிக் கூரை விளிம்பைத் தாண்டும்போது, சட்டென்று மடங்கித் தகரத்தை ஒட்டி வர அதனால் முடியாது. விளிம்பை அடுத்து அழுத்தம் குறைந்த இடம் ஒன்று உண்டாகி, கூரையை மேலிருந்து உறிஞ்சும். ஆக, கீழிருந்து தள்ளல், மேலிருந்து இழுப்பு. இரண்டும் சேரும் மூலையில்தான் தகரம் முதலில் பிய்கிறது.

எவ்வளவு விசை? காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியில் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி) எளிய கணக்கு ஒன்று உண்டு. காற்று நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறதோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டரில் படும் அழுத்தம் நியூட்டனில் வரும்; பத்தால் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு. மணிக்கு 50 கி.மீ. காற்றுக்குச் சுமார் 12 கிலோ. 100 கி.மீ. காற்றுக்குச் சுமார் 47 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள கூரைக்கு 100 கி.மீ. காற்றில் விசை 560 கிலோவைத் தாண்டும். தகரமும் சட்டமும் சேர்ந்து 100 கிலோ இருந்தாலே அதிகம். மூலைகளிலோ விசை இன்னும் கூடுதல்.

இந்தக் கணக்கைப் பார்த்தபின் கூரைமேல் மணல்மூட்டையும் செங்கல்லும் பழைய டயரும் அடுக்கும் பழக்கத்தை நான் ஒப்பவே மாட்டேன். 560 கிலோ தூக்கலுக்கு நாலு மூட்டை எந்த மூலைக்கு? தகரம் எழும்பினால் அந்தக் கல்லே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலைக்கு ஆபத்து.

கஞ்சி வடிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மூடியை மட்டும் அமுக்குவதில்லை. பிடிதுணியால் மூடியையும் பானையையும் சேர்த்துப் பிடிக்கிறோம். கொட்டகைக்கும் அந்தப் பிடிதான் தேவை. முதலில் தகரம் குறுக்குச் சட்டத்தோடு, பிறகு சட்டம் கைமரத்தோடு, பிறகு கைமரம் தூணோடு, கடைசியில் தூண் மண்ணோடு. இந்தத் தொடரில் ஒரே ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பலமாக இருந்து பயனில்லை.

தகரத்துக்கு ஆணி வேண்டாம். மேல்நோக்கி இழுத்தால் ஆணி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மரையுள்ள திருகாணியோ கொக்கி போல்ட்டோ வாஷரோடு போடுங்கள். விளிம்பிலும் மூலையிலும் நெருக்கமாக, நடுவில் கொஞ்சம் தள்ளி. கைமரத்தையும் தூணையும் இரும்புப் பட்டையால் சுற்றிக் கட்டினால் நல்லது. பனைநார்க் கயிறும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும்.

நம் ஊரில் மிகப் பலவீனமான கண்ணி கடைசிக் கண்ணிதான். மணலில் ஊன்றிய தூண் பக்கவாட்டில் அசைய அசைய, குழி அகன்று எளிதாகக் கழன்று வரும். அதனால் தூணின் அடியில் குறுக்குக்கட்டை ஒன்றை முடுக்கி, இரண்டு முழம் ஆழத்துக்குக் குறையாமல் புதைத்து, மேலே மணலை நனைத்து இடித்து நிரப்புங்கள். சிமெண்டு போட வசதி இருந்தால் 40 செ.மீ. நீள அகல ஆழத்தில் கான்கிரீட் அடி ஒன்று சுமார் 150 கிலோ வரும். நான்கு மூலைக்கும் சேர்த்து 600 கிலோ. மேலே சொன்ன கூரைக்கு அது சரியாக இருக்கும். ஒரு பக்கம் திறந்த கொட்டகை என்றால் அது போதாது. அடியை இன்னும் பெரிதாக, இன்னும் ஆழமாகப் போட வேண்டும்.

அடுத்து வேலி. காற்றை முழுதாக மறிக்க மதில் எழுப்பினால், அது மதிலைத் தாண்டிக் குதித்து மறுபுறம் சுழன்று அடிக்கும். வடிதட்டில் ஓட்டைகள் இருப்பதால்தான் கஞ்சி நிதானமாக இறங்குகிறது. ஓட்டையில்லாத தட்டு என்றால் ஏதாவது ஓரத்தில் பீறிட்டுக் கொட்டும். வேலியிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பரப்பு இடைவெளியாக இருக்கட்டும். பனைமட்டை வேலி அப்படியே பொருந்தும். வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை நல்ல தணிப்பு கிடைக்கும். இரண்டு மீட்டர் வேலிக்கு 20 மீட்டர். ஆனால் வேலி கொட்டகையின் அகலத்தோடு முடிந்துவிடக் கூடாது. ஓரத்தைச் சுற்றிவரும் காற்று வேகம் கூடித்தான் வரும். இரு பக்கமும் நீட்டிக் கட்டுங்கள்.

மரம் வைப்பதானால் பனையும் உடையும் இந்த மண்ணுக்குப் பழகியவை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது பனைகள் பெரும்பாலும் நின்றன. எந்த மரமானாலும் வளர்ந்தபின் எட்டும் உயரத்தைவிடத் தள்ளி நடுங்கள். விழுந்தாலும் கொட்டகைமேல் விழாது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் தட்டையான ஒற்றைச் சரிவைத் தவிர்த்து நாற்புறமும் சரியும் கூரையாகப் போடுங்கள். இறவாரத்தை முழ நீளத்துக்குமேல் நீட்ட வேண்டாம். முன்பந்தல் தேவையென்றால் அதைத் தனித் தூணில் தனியாக நிறுத்துங்கள். புயலில் அது போனாலும் பிரதானக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போகாது.

உப்புக்காற்று எல்லா இரும்பையும் தின்னும். போல்ட்டின் தலை பளபளப்பாக இருக்கும், உள்ளே தண்டு பாதி கரைந்திருக்கும். கச்சான் ஓய்ந்து மழை தொடங்காத புரட்டாசி வாரங்களில் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் திருகிப் பாருங்கள். சுற்றினால், அல்லது உடைந்து கையோடு வந்தால், புதியது போடுங்கள். இறங்கியதும் கொல்லையில் கிடக்கும் உதிரித் தகரத்தையும் பலகையையும் கட்டி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி விடுங்கள். காலியான 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி உருண்டு ஓடும்; நிறைந்த தொட்டி அரை டன் எடையோடு உட்கார்ந்திருக்கும், புயலுக்குப் பின் குடிக்கவும் உதவும்.