சுக்குக் கிடங்கும் ஜிம்ப் மென்பொருளும்

கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் படம் எடுக்கப் போகும் புதியவர்களைத் திணற வைப்பது வெயில்தான். யூதத் தெருவை ஒட்டிய பழைய கிடங்குகளின் முற்றத்தில் சுண்ணாம்பு பூசிய சுக்கு வெள்ளை வெளேரென்று காயும். நாலடி தள்ளி, தாழ்வாரத்தில் மூட்டை அடுக்குகிறவரின் முகம் இருட்டில் கிடக்கும். பார்வை நகர நகர நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவால் அது முடியாது. சுக்குக்கு ஒளியை அளந்தால் ஆள் கறுத்துப்போவார். ஆளுக்கு அளந்தால் சுக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

அறைக்குத் திரும்பியதும், "எந்த எடிட்டிங் மென்பொருள் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கேமரா எதைச் சேமித்து வைத்திருக்கிறது என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இன்றைய நல்ல கேமராக்கள் பலவற்றின் சென்சார் ஒளியை 14 பிட்டில் பதிகிறது. அதாவது 16,384 படிநிலைகள். ஜேபெக் கோப்பாக மாற்றும்போது ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே மிஞ்சும். மற்றதைக் கேமராவே கழித்துவிடுகிறது. அந்த ஜேபெக்கில் மூட்டைக்காரரின் முகத்தை வெளிச்சமாக்கிப் பாருங்கள். கன்னத்தில் திட்டுத் திட்டாக நிறம் பிரியும். ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால், அந்தக் கட்டங்களே சில இடங்களில் எட்டிப் பார்க்கும். சென்சார் பதிந்ததைக் கழிக்காமல் அப்படியே வைத்திருப்பது ரா கோப்பு. அதே காட்சியின் ரா கோப்பில் வெளிச்ச ஸ்லைடரை நகர்த்தினால் நெற்றிச் சுருக்கமும் சாக்கின் நாரும் துலங்கி வரும்.

ஆனால் ரா கோப்பும் இருட்டுக்குத் தாராளமாக இடம் ஒதுக்குவதில்லை. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். அதனால் மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே பாதி, 8,192 படிநிலைகள் போய்விடுகின்றன. அடுத்ததற்கு 4,096. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து ஆறாவது ஸ்டாப்பில் 256-தான். இருந்தாலும் இருட்டில் ஏதோ கொஞ்சம் பதிந்திருக்கும். சென்சார் நிறைந்து வெளுத்துப்போன இடத்தில் ஒன்றுமே இருக்காது. எனவே சுக்கு வெளுக்காதபடி அளந்து எடுத்து, முகத்தைப் பிறகு தூக்குவதே சரி. பதியாததை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

ஆகவே மென்பொருளிடம் இரண்டைத்தான் கேட்க வேண்டும்: அது ரா கோப்பைத் திறக்குமா? மூலக் கோப்பைத் தொடாமல், நாம் செய்த திருத்தங்களை மட்டும் தனியாகக் குறித்து வைக்குமா? 2007-இல் வந்த லைட்ரூம் இரண்டையும் செய்யும். ஆனால் இன்று அதற்குச் சந்தா கட்ட வேண்டும். 2009-இல் வெளிவந்த டார்க்டேபிளும், ராதெரபியும் இதே வேலையை இலவசமாகவே செய்கின்றன. டார்க்டேபிளின் திரை முதலில் மிரட்டும். எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், கிராப் ஆகிய மூன்றோடு தொடங்கினால் போதும். செல்போனில் மட்டும் திருத்துகிறவருக்கு ஸ்னாப்சீட் இருக்கிறது. அதுவும் இலவசம், டிஎன்ஜி வகை ரா கோப்பையும் திறக்கும்.

இலவசம் என்றால் மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. கேரளத்தில் அந்த எண்ணத்தைப் பள்ளிக்கூடங்களே உடைத்திருக்கின்றன. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், இன்று கைட் என்ற பெயரில் அரசுப் பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருள்களையே கொடுக்கிறது. பாடப்புத்தகத்தில் ஜிம்ப்பும் உண்டு. 1995-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. சொந்தக் கேமரா இல்லாத பிள்ளைகளும் பள்ளியிலேயே படத்தின் மேல் படமாக அடுக்கும் லேயர் என்றால் என்னவென்று கற்றுக்கொள்கிறார்கள். இதைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான ஆசை.

ஜிம்ப் தானாக ரா கோப்பைத் திறக்காது. டார்க்டேபிளுக்கோ ராதெரபிக்கோ அனுப்பி வாங்கிக்கொள்ளும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகு மாற்றவும் நீக்கவும் வழி வந்துவிட்டது. ஒளியைச் சரிசெய்ய டார்க்டேபிள், ஒட்டவும் எழுத்துப் போடவும் ஜிம்ப். தொடக்கநிலையாளருக்கு இந்த ஜோடியே தாராளம்.

சந்தாவுக்குப் பணம் கட்டுமுன் ஆறு மாதம் இவற்றோடு பழகுங்கள். இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேமரா மெனுவில் 'ரா + ஜேபெக்' என்று மாற்றிவையுங்கள்.