மாசம் 992 யூரோ!

திருவொற்றியூர் பஸ்ல தொங்கிக்கிட்டே ஜெர்மனிக் கனவு காண்றீங்களா பாஸ்? கணக்கைக் கொஞ்சம் பாருங்க. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனா, விசாவுக்கு முன்னாடியே ஒரு வருஷச் செலவை ‘பிளாக்டு அக்கவுன்ட்’டில் போட்டுக் காட்டணும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அப்பா ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டிச் சேர்த்த காசோ, பேங்க் கடனோ... மொத்தமா வேணும்! அங்கே போன பிறகு மாசம் 992 யூரோதான் கைக்கு வரும். முனிக்கில் வாடகையே பெரும்பகுதியைத் தின்னுடும். லைப்சிக் மாதிரி ஊர்னா கொஞ்சம் மூச்சு விடலாம். (காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தா 25 சென்ட். வெட்கப்படாதீங்க!) பார்ட் டைம் வேலைக்கு அனுமதி வருஷத்துக்கு 140 முழு நாள். மாஸ்டர்ஸ் பெரும்பாலும் ரெண்டு வருஷம். போட்ட பணமோ ஒரு வருஷத்துக்குத்தான். ரெண்டாவது வருஷத்துக்கு என்ன வழின்னு இன்னிக்கே அப்பாகிட்ட பேசிடுங்க.