கன்னத்தில் கட்டியும் நாடாப்புழுவும்

பல்லை இறுகக் கடித்தால் இரு கன்னங்களிலும் புடைத்தெழும் தசையே உணவை மெல்ல உதவுவது. அதில் சிலருக்குச் சிறு கட்டி தோன்றுவதுண்டு. சொத்தைப் பல்லின் சீழோ, புற்றுநோயோ என்று வீட்டார் கலங்குவர். அது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவ நீர்ப்பையாகவும் இருக்கலாம்.

“பன்றி இறைச்சிக்கும் நம் வலியசாலை அக்கிரகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் இப்புழு பல மீட்டர் நீளம் வளர்கிறது. அவருடைய மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறுகின்றன. கழுவாத கை, அசுத்த நீர், பச்சைக் காய்கறி ஆகியவற்றின் வழியே அந்த முட்டைகளை விழுங்குபவர் எவராயினும், குஞ்சுகள் குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து தசை, கண், மூளை ஆகிய இடங்களில் தங்கிவிடுகின்றன. ஆக, கட்டிக்குக் காரணம் முட்டையே; அதற்குச் சைவம், அசைவம் என்ற பேதமில்லை.

பன்றி இறைச்சியைத் தொடாத நியூயார்க் யூதக் குடும்பங்களில் நால்வருக்கு மூளையில் இந்நோய் கண்டதை 1992இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். அவ்வீடுகளின் பணியாளர்களைச் சோதித்தபோது ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது.

நம் நாட்டிலும் இது புதிதன்று. சென்னையில் வலிப்பால் இறந்த ஒரு கூலித் தொழிலாளியிடம் இந்நோய் இருந்ததை 1888இல் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் எழுதியுள்ளார். வலிப்பு நோயாளிகளின் மூளை ஸ்கேனில் தெரியும் சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்றே பலரும் கருதிவந்தனர். அவற்றுள் பல இப்புழுவால் வந்தவை என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1989இல் எடுத்துக்காட்டினர்.

கன்னக் கட்டியை அல்ட்ராசவுண்டு ஸ்கேனிலேயே பெரும்பாலும் அறியலாம். நீர்ப்பையும், அதனுள் புள்ளிபோல் புழுவின் தலையும் தெரியும். பலருக்கு அறுவைச் சிகிச்சையின்றி அல்பெண்டசோல் மருந்திலேயே குணமாகும். ஆனால் கடையில் தாமாக வாங்கி உண்ணுதல் ஆபத்து. மூளையிலோ கண்ணிலோ நீர்ப்பை இருந்தால், புழு சாகும்போது அங்கு வீக்கம் உண்டாகி வலிப்போ பார்வையிழப்போ நேரலாம். எனவேதான் மருத்துவர்கள் முதலில் தலையையும் கண்ணையும் பரிசோதிக்கின்றனர்.

கழிவறை சென்று வந்ததும், சமைக்கும் முன்பும், உண்ணும் முன்பும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். கொத்தமல்லி, வெள்ளரி போன்று பச்சையாக உண்பவற்றை நல்ல நீரில் நன்கு அலசுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். இறைச்சி உண்போர் நன்றாக வேகவைத்து உண்ணுங்கள். மலத்தில் வெள்ளை நாடாத் துண்டுகள் தென்பட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒருவர் பெறும் சிகிச்சை அந்த வீட்டார் அனைவரையும் காக்கும்.